கிளாரன்ஸின் குரலுக்கு நான் கட்டிய பவர் சப்ளை

“…கரண்டை மாத்தினா மனுசன்ட குரல் மாறுமா எண்டு கேட்டா, டொரன்டோவில இருக்கிற மருமகன் சிரிக்கிறான் சிவமண்ணே. மாறாதாம், தெளியுமாம். அவன் சொல்றது சரியா?”

பிலோமினா ரீச்சர் கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்து இறங்கியிருந்தார். வழி முழுக்க டேர்ன்டேபிளை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் சேலை கசங்கிப் போயிருந்தது. இயந்திரத்தை என் மேசையில் வைத்த பிறகும் அதன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மருமகன் சொல்வது முழுக்கச் சரி என்றேன். குரல் மாறாது, இரைச்சல் போகும், அவ்வளவுதான் என்றேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் நாற்பத்து மூன்று வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் இந்த ஒன்று போல என்னைச் சுட்டது வேறில்லை. இந்த வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்குச் சேர்ட்டிபிகேட் எதுவும் கிடையாது. பழைய சஞ்சிகைகளைப் பார்த்தும், கையைச் சுட்டும், இப்போது யூடியூப் பார்த்தும் படித்தவன். அதனால் என் பிழைகளை ஒளிப்பதற்குப் பட்டம் என்று ஒரு திரையும் இல்லை.

1. இரைச்சல்

சில வருடங்களாக ரெக்கோர்ட் கேட்கிற ஆசை திரும்பி வந்திருக்கிறது. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் அடுக்குமாடியில் இருக்கிற கந்தோர் உத்தியோகக்காரர்கள் டேர்ன்டேபிள் வாங்குகிறார்கள். வாங்கி மூன்றாம் மாதம் என்னிடம் வந்து, “பவர் சப்ளையை அப்கிரேட் பண்ணினா சவுண்ட் நல்லா வருமாமே அங்கிள்” என்கிறார்கள். வரும். சும்மா சொல்லவில்லை, வரும்.

டேர்ன்டேபிள் என்பது கடைசியில் ஒரு மோட்டரும் ஒரு ஊசியும்தான். சுவரிலிருந்து வரும் கரண்ட் அழுக்காக இருந்தால் மோட்டர் நடுங்கும். மோட்டரின் நடுக்கம் தட்டுக்கு ஏறும், தட்டிலிருந்து ஊசிக்குப் போகும், ஊசி அதையும் பாட்டோடு சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். எனக்கு ஒரு பாங்க் மனேஜர் வாடிக்கையாளராக இருந்தார். “ஊசி எங்கட கிளார்க்மார் மாதிரி, சொல்லக்கூடாததையும் சேர்த்துச் சொல்லும்” என்பார். ஆகவே மோட்டருக்குச் சுத்தமான கரண்டைத் தனியாக உண்டாக்கிக் கொடுக்கிறோம். நான் கட்டுவது இப்படி: ஒரு சின்ன ஒசிலேட்டர் சர்க்கிட் சீரான அலையை உண்டாக்கும், ஒரு அம்ப்ளிபயர் சிப் அதைப் பெருப்பிக்கும், ஒரு ட்ரான்ஸ்போர்மரைத் தலைகீழாகப் போட்டு மோட்டருக்கு வேண்டிய வோல்ட்டுக்கு ஏற்றுவேன். வேகத்தைத் துல்லியமாக வைக்க முன்னால் ஒரு திருகி இருக்கும்.

ரீச்சரின் டேர்ன்டேபிளில் உண்மையாகவே இரைச்சல் இருந்தது. பாட்டுக்கு அடியில், காதுக்குப் பக்கத்தில் இலையான் பறப்பது போல ஒரு ‘ம்ம்ம்’. ஆனால் அவர் வந்தது எந்தப் பாட்டுக்காகவும் அல்ல, ஒரே ஒரு சின்னத் தட்டுக்காக. அதை இரண்டு தாள் உறைக்குள் போட்டு, அதன்மேல் ஒரு துணிப்பையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அது அவரது அண்ணன் கிளாரன்ஸ் பாடியது. எழுபதுகளில் கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் நாலைந்து பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். காசு சேர்த்து ஒரே ஒரு ரெக்கோர்ட் போட்டார்கள். அடுத்த கிழமை கிளாரன்ஸ் கப்பல் வேலைக்குப் போனார். ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு தூரத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்து, அங்கேயே புதைத்தும் ஆயிற்று. அவருக்கு இருபத்தொரு வயது. அப்போது ரீச்சருக்கு ஏழு.

அம்மாவால் அந்தக் குரலைக் கேட்கமுடியாமல் போக, அப்பா வீட்டில் ரெக்கோர்ட் போட இருந்த ரேடியோகிராமை விற்றுவிட்டாராம். தட்டு மட்டும் அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவில் கிடந்தது. டொரன்டோவிலிருந்து மாமி இந்த டேர்ன்டேபிளை அனுப்பும்வரை இருபத்துநாலு வருடம் கிடந்தது. இப்போது அண்ணன் இறந்து ஐம்பது வருடம் நிறைகிறது. அடுத்த மாதம் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்து, வீட்டில் சாப்பாடு வைத்து, எல்லோருக்கும் அண்ணனின் பாட்டைப் போட்டுக் காட்டப்போகிறேன் என்றார். பேண்டில் கிட்டார் வாசித்த பாரூக் நானாவை நுகேகொடையில் தேடிக் கண்டுபிடித்திருந்தார்; அவரும் வருவதாகச் சொன்னாராம்.

“அவன்ட குரல் இரைச்சல் இல்லாம வரணும் சிவமண்ணே, அதுமட்டும் போதும். எனக்கு அவன்ட முகம் ஞாபகமில்ல. போட்டோவில இருக்கிறதுதான். குரல் ஒண்டுதான் இருக்கு.”

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். “இந்த மெசின் கனடாவில இருந்து வந்து, இங்க கொண்டுவந்த முதல் நாள் நீங்க இந்தப் பாட்டக் கேட்டுட்டு, ‘உங்கட அண்ணருக்கு நல்ல கனத்த தொண்டை’ எண்டு சொன்னீங்க. ஞாபகமா?”

எனக்கு ஞாபகமில்லை. ஓம் என்றேன்.

2. வோல்ட்டுக்குப் பக்கத்தில்

அடுத்த நாள் திறந்தேன். டேர்ன்டேபிளோடு ஒரு மண்ணிறப் பெட்டியும் வந்திருந்தது. கனடாச் சாமான்களுக்கு நாங்கள் விற்கிற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போர்மர். நம் இருநூற்று முப்பது வோல்ட்டை நூற்றுப்பத்தாக இறக்குவது. மூடியில் மார்க்கர் பேனாவால் “110V ஓகே” என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. இருபத்தாறு வருடத்துக்கு முந்திய என் கையெழுத்து.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் எங்களுக்குச் சோறு போட்டதே அந்தப் பெட்டிதான் என்று சொல்லலாம். டொரன்டோவிலிருந்து பீப்பாய் பீப்பாயாகச் சாமான் வந்து இறங்கும். ரைஸ் குக்கர், அயன், கிரைண்டர், ஹெயார் டிரையர். கொண்டுவருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை வோல்ட்? நூற்றுப்பத்து என்றால் பெட்டி ஒன்றைக் கொடுப்போம். செருகிப் பார்ப்போம். சூடாகிற சாமான் சூடானால், சுற்றுகிற சாமான் சுற்றினால், முடிந்தது வேலை. இந்த ஒழுங்கையில் இருந்த நாலு கடையிலும் அதுதான் வழக்கம்.

டேர்ன்டேபிளைப் புரட்டி அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். 120 வோல்ட். அதே வரியில், அதே எழுத்தில், பக்கத்திலேயே: 60 ஹேர்ட்ஸ்.

பழகுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்கவேண்டும். நம் நாட்டுக் கரண்ட் விநாடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது. கனடாவில் அறுபது. ஸ்டெப்-டவுன் பெட்டி வோல்ட்டை இறக்குமே தவிர, துடிப்பை மாற்றாது. ரைஸ் குக்கருக்கு அது பற்றிக் கவலையில்லை, ஐம்பதிலும் சோறு அவியும். ஆனால் இந்த மாதிரி டேர்ன்டேபிளில் இருக்கிற மோட்டர் துடிப்புக்குச் சரியாகத்தான் சுற்றும். அறுபதுக்குச் செய்த மோட்டருக்கு ஐம்பதைக் கொடுத்தால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும்.

தட்டில் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணினேன். இந்த மாதிரிச் சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து சுற்று வரவேண்டும். முப்பத்தேழரை வந்தது. மறுபடியும் எண்ணினேன். அதே முப்பத்தேழரை.

வேகம் குறைந்தால் குரலும் இறங்கும். மெல்லிய குரல் கனக்கும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நான் கனத்த தொண்டை என்று புகழ்ந்தது கிளாரன்ஸின் தொண்டையை அல்ல, நான் விற்ற பெட்டியை. ரீச்சருக்கும் தெரியவர வழியில்லை. அவரிடம் இருந்த மற்றத் தட்டுகள் எல்லாம் மாதா பாட்டு. எந்த வேகத்தில் போட்டாலும் அவை மெதுவாகத்தான் போகும்.

புதிய சப்ளையைக் கட்டினேன். புறக்கோட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி நல்ல கெப்பாசிட்டராகப் பார்த்து வாங்கினேன். இதில் கஞ்சத்தனம் பண்ண எனக்கு முகமில்லை. அறுபது ஹேர்ட்ஸில் வைத்து, எண்ணிப் பார்த்து, நாற்பத்தைந்து சரியாக வந்ததும் அந்தத் தட்டைப் போட்டேன்.

இலையான் சத்தம் இல்லை. கிட்டார் கம்பியில் விரல் வழுக்குவதுகூடக் கேட்டது. பாடியது ஒரு பொடியன். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் வருகிற, துள்ளுகிற குரல். பாட்டு முடிந்து ஊசி தூக்குமுன் கடைசியில் ஒரு சிரிப்பு இருந்தது. அடக்கப் பார்த்து அடக்கமுடியாத சிரிப்பு.

எனக்கு வந்தது சந்தோசம். வெட்கம் பிறகுதான் வந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். செத்த பிள்ளையை எழுப்பிக் கொடுக்கிற மாதிரி நான் கடையில் தனியாக நின்று சிரித்தேன்.

3. டெலிபோன்

அன்றைக்கே ரீச்சருக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொல்லியிருக்கவேண்டும். எடுத்தேன். சொல்லவில்லை. குரல் எப்படி என்று கேட்டார். நல்லாத் தெளிஞ்சிருக்கு ரீச்சர், வந்து நானே பூட்டித் தாறன் என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாதி, பழைய பிழைக்கு வெட்கம். மற்றப் பாதி அதைவிடக் கேவலமானது. எல்லோருக்கும் முன்னால் பாட்டுத் தொடங்கும்போது ரீச்சரின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: “நீங்கள் விட்ட பிழையைத் திருத்திப்போட்டு, அதை அந்த மனுசிக்குப் பரிசு மாதிரிக் குடுக்கப் போறியள்.”

உனக்கு இந்த வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவள் அடுத்த பிடிக் கீரையை எடுத்தாள்.

4. கொட்டாஞ்சேனையில் ஒரு மத்தியானம்

பூசை முடிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். சின்ன வீடு. முன் அறையில் கிளாரன்ஸின் படம், வெள்ளைச் சேட்டு, எண்ணெய் தடவிய தலை. இருபது பேரளவில் இருந்தோம். டொரன்டோக்காரர்கள் போனில் வீடியோவில் நின்றார்கள். பாரூக் நானா வட்டிலப்பம் ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார். எழுபது தாண்டியும் நிமிர்ந்த மனிதர், ஒரு காது மந்தம். “கேக்காத காதாலதான் பொஞ்சாதியோட பேசுற” என்று அறிமுகத்திலேயே என்னைச் சிரிக்கவைத்தார்.

நான் டேர்ன்டேபிளையும் புதுச் சப்ளையையும் பூட்டி முடித்ததும் ரீச்சர் எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாகப் பேசினார். அண்ணன் கப்பலுக்குப் போக முந்தின கிழமை பாடியது இது என்றார். பிறகு, “கடைசியில ஒரு பெருமூச்சு வரும், கவனிச்சுக் கேளுங்க” என்றார். “அவனுக்குப் போக விருப்பமில்ல. எங்கள விட்டுட்டுப் போகணுமே எண்டு நினைச்சிருக்கான். நான் ஒவ்வொரு வருசமும் இத எங்கட பிள்ளைகளுக்குச் சொல்றனான்.”

வீடியோவில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. ரீச்சர் முன்பே அந்தப் பாட்டைப் போனில் பதிந்து குடும்பம் முழுக்க அனுப்பியிருக்கிறார். கனடாவில் ஒரு பேத்திக்கு அது ரிங்டோனாம்.

பெருமூச்சு என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்தச் சிரிப்பை மெதுவாக்கினால் என்ன வரும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். ஒரு நிமிடம் உள்ளுக்கு வாங்க ரீச்சர் என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்? ஊசியை வைத்தேன்.

முதல் வரி வந்ததும் பாரூக் நானா நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தொடையில் தாளம் போட்டார். அவரது கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவுமில்லை. ரீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். வேறு தட்டை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று குனிந்து நடுவில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தார்.

கடைசிச் சிரிப்பும் வந்து போயிற்று.

“இதுதான் எங்கட கிளாரன்ஸ்,” என்றார் பாரூக் நானா. “அவன்ட தொண்ட இப்பிடித்தான் ஈக்கும், மெல்லிசா. அம்பது வருசத்துக்குப் பொறகு கேக்கிறன் தங்கச்சி.”

ரீச்சர் கேட்டார்: “அவன் சிரிக்கிறானா?”

“சிரிக்காம? ரெக்கோர்ட் எடுக்கக்குள்ள ட்ரம் அடிச்சவன்ட ஸ்டூல் ஒடஞ்சி, ஆளோட விழுந்த. திரும்ப எடுக்க எங்களுக்கிட்ட சல்லி இல்ல, அப்பிடியே விட்ட.”

“போக விருப்பமில்லாம இருந்தானே நானா.”

“ஆரு, கிளாரன்ஸா?” பாரூக் நானா சந்தோசத்தில் இருந்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. “அவன் துள்ளிக்கொண்டு ஈந்தான் தங்கச்சி. கொழும்பு அவனுக்குக் கைக்குட்டை அளவாம். புது சப்பாத்தப் போட்டுக்கொண்டு வந்து எங்க எல்லாருக்கும் காட்டின.”

அறையில் இரண்டொருவர் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. வீடியோவில் மருமகன், சவுண்ட் சூப்பர், என்ன கிளியர் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரீச்சர் போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னிடம், நீங்க என்ன செய்தீங்க என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்கிற அதே நிதானம்.

சொன்னேன். வோல்ட், ஹேர்ட்ஸ், பெட்டி, என் கையெழுத்து, எல்லாம் சொன்னேன். இருபது பேருக்கு முன்னால் சொல்லவேண்டி வந்தது. ஒரு போனில், ஒருவருக்கு மட்டும் சொல்லி முடித்திருக்கக்கூடிய விசயம்.

“அப்ப இருபத்தாறு வருசமா நான் ஆரக் கேட்டுக்கொண்டு இருந்தன்?”

“அவரத்தான் ரீச்சர். கொஞ்சம் மெதுவா.”

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னதோடு நில்லாமல், முன்னாலிருந்த திருகியைக் காட்டி, இதை ஐம்பதுக்குத் திருப்பினால் பழைய குரல் வரும், வேண்டுமானால் வைத்துத் தருகிறேன் என்றேன். கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

“வேணாம்,” என்றார். “அதுவும் நீங்க வச்சுத் தந்ததாத்தான் இருக்கும். ஒருக்காக் கனத்த தொண்டை எண்டு தந்தீங்க. இப்ப இதத் தாறீங்க. எங்கட அண்ணன நீங்களா சிவமண்ணே எனக்கு அளந்து தரணும்?”

திருகியைக் காட்டிய கையை இழுத்துக்கொண்டேன். 

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. லேபிளில் ஒரு எண்ணை வாசித்துவிட்டு நிறுத்தாதீர்கள், வரி முடியும்வரை வாசியுங்கள். சுற்றுகிறது என்று விடாமல் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இது சுலபம், ஒரு நாளில் பழகிவிடும். மற்றது எனக்கு நாற்பத்து மூன்று வருடம் பிடித்தது. பிழையாக ஓடுகிற ஒரு சாமானோடு ஒருவர் பல வருடம் வாழ்ந்திருந்தால், அதைத் திருத்துவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிவிடுங்கள், தனியாக. திருத்தினால் போதும், நன்றி தானாக வரும் என்று நான் நம்பியிருந்தேன். என் திருத்தம் சரிதான். வேகம் இம்மியும் பிசகவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை, பாரூக் நானாவைத் தவிர.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் பின்பக்கம் போனார்கள். பாரூக் நானா போகும்போது என் தோளில் தட்டி, அல்லாஹ் உங்களுக்கு நல்லத வைக்கட்டும் என்றார். அந்தத் தட்டல் எனக்கு அடி மாதிரி விழுந்தது. நான் ஸ்குரூடிரைவரையும் வயர்த் துண்டுகளையும் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். பழைய பெட்டியைக் கொண்டு போகவா, வைக்கவா என்று கேட்க நிமிர்ந்தேன்.

ரீச்சர் டேர்ன்டேபிளுக்கு முன்னால் குனிந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஊசியைத் தானே எடுத்துப் பாட்டின் கடைசிப் பகுதியில் வைத்தார். அந்தத் துள்ளல் குரல் மறுபடியும் வந்தது. சுற்றிக்கொண்டிருந்த தட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல அழுத்தினார். குரல் இறங்கியது. அதிகமாக இறங்கிவிட, விரலைக் கொஞ்சம் தளர்த்தினார். தனக்குத் தெரிந்த இடத்துக்கு அது வந்ததும் விரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பெருமூச்சு வரும்வரை அப்படியே நின்றார்.